வள்ளி திருமணம் நாடகத்தில் நியாயம் யார் பக்கம்? வள்ளியா, நம்பிராஜனா?

கால்வாய்க்கரை

எங்கள் ஊர் அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். பங்குனிப் பொங்கலுக்கு எல்லா வருஷமும் போல இந்த வருஷமும் வள்ளி திருமணம்தான் வைத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் கேட்க ஆரம்பித்தது, முடியும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் முழு நாடகமும் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் பாய் விரித்து அத்தை.

தினைப்புனத்தில் நம்பிராஜன் மகள் வள்ளி தனியாக நிற்கிறாள். மானைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு வேடன் வேஷத்தில் முருகன் வருகிறான். இரண்டு பேருக்கும் தர்க்கம். ஒன்றரை மணி நேரம் இருக்கும். "என்னைக் கட்டிக்கொள்ள ஆசை இருந்தால் என் தகப்பனாரிடம் போய்க் கேள்" என்று வள்ளி திரும்பத் திரும்பச் சொல்கிறாள். "உன் மனசில் என்ன இருக்கிறது, அதைச் சொல்" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அத்தை வாய் மேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். யானை வந்தபோது சிரித்தார். கடைசியில் மாலை மாற்றியபோது எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தை சொன்னது இது: "புள்ள என்னமாப் பாடுனா. ஆனா நாடகக்காரிதானே, எவன் கட்டுவான்?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சித்தப்பா மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். வேறு சாதி. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. சித்தப்பா திருவிழாவில் முதல் மரியாதை வாங்கப் போவதை நிறுத்திவிட்டார். அதே தெரு ஜனம்தான் அன்று ராத்திரி முழுக்கக் கண் முழித்து, ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் ஒருவனோடு போனதைக் கைகூப்பிப் பார்த்தது.

எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த நாடகம் உண்மையில் யார் பக்கம் நிற்கிறது? பார்த்தவர்கள், நடித்தவர்கள், படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆர்மோனியக்கட்டை

தங்கச்சி, இந்தக் கேள்வியை நான் சின்ன வயசிலேயே என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஓர் ஊர். ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, ஓர் ஊர். சிரிக்க வைக்கிற பபூன் ஓர் ஊர். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி கொடுத்துக் கூப்பிடுவார்கள். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்வார்கள். பாட்டு இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதையில் போகும். தர்க்கத்தில் வருகிற வசனம் முக்கால்வாசி அவரவர் சரக்கு. அதனால் 'வள்ளி திருமணம் என்ன சொல்கிறது' என்பது, அன்றைக்கு எந்த வள்ளிக்கு எதிரே எந்த முருகன் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது.

ஒரு ராஜபார்ட் "அன்பு இருந்தால் போதும், ஊரும் உறவும் எதற்கு" என்று குறளும் அகப்பாட்டும் எடுத்துவிடுவார். ஸ்திரீபார்ட் சளைக்க மாட்டார். "அன்புக்கு அடைக்கும் தாழ் இல்லை, சரி. வீட்டுக்கு வாசல் என்று ஒன்று இருக்கிறதே, அதன் வழியாக வா" என்பார். கூட்டத்தில் பாதி ஆம்பளைகள் அந்தப் பக்கம் விசில் அடிப்பார்கள். பெண்கள் பக்கம் சத்தமே வராது, ஆனால் ஒருத்தர்கூடத் தூங்க மாட்டார்கள். அப்பா அதைத்தான் கவனிக்கச் சொல்வார். "பொம்பளைங்க பக்கம் பாருடா, கொட்டாவி வருதான்னு."

இன்னொன்று. வள்ளி வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ் ஆடுகிற பெண்ணும் ஒரு காட்சி போடுவார்கள். அங்கேயும் ஓர் ஆணும் பெண்ணும் வழியில் சந்திக்கிறார்கள், பேச்சு வளர்கிறது, சேர்ந்துகொள்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் வள்ளி கதையும் அதேதான். ஆனால் ஊர் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறது, இதைப் பார்த்துக் கும்பிடுகிறது. ஒரே ராத்திரியில், ஒரே மேடையில், ஒரே காரியத்துக்கு இரண்டு விதமான மரியாதை. இந்த அடுக்கை யாரோ நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

செல்லூர் அப்பா

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அதனால் நம்பிராஜன் பக்கம் ஒருத்தராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம்பி வேடர்களுக்குத் தலைவன். பெண் குழந்தை இல்லையே என்று ஏங்கிக் கிடந்தவன். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த பச்சைக் குழந்தையை எடுத்து, 'யார் பெற்றதோ' என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தன் மகளாக வளர்த்தவன். குலம் கோத்திரம் பார்க்காமல் எடுத்தவன் அவன். அந்த மனுஷனை நாம் சாதி வெறி பிடித்த அப்பனைப் போலப் பேசிவிடக் கூடாது.

சரி, பெண் கேட்டு வந்தவன் எப்படி வந்தான்? முதலில் வேடனாக வந்தான். அப்பா வருகிறார் என்றதும் வேங்கை மரமாக நின்றான். அப்புறம் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டான், தண்ணீர் கேட்டான். அண்ணன் பிள்ளையாரை யானையாக வரச் சொல்லிப் பெண்ணைப் பயமுறுத்தினான். நாளைக்கு என் வீட்டுக்கு ஒருவன் பொய்ப் பெயர் சொல்லி வந்து, கூட்டாளியை விட்டு என் மகளைப் பயப்பட வைத்து, அவள் ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தாள் என்றால் நான் அதைக் காதல் என்று சொல்ல முடியுமா?

கௌரவம் என்பது வெட்டி வீம்பு மட்டும் இல்லை. என் பிள்ளைக்கு நாளைக்கு ஒன்று என்றால் கேட்க நாலு பேர் வேண்டும். முறையோடு கொடுத்தால்தான் அந்த நாலு பேர் கேட்க வருவார்கள். நாங்கள் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, வெற்றிலை மாற்றி, சீர் எழுதுவது அதற்காகத்தான். வள்ளியே அதைத்தானே சொல்கிறாள், அப்பாவைக் கேள் என்று? வள்ளி பேச்சை மீறியது முருகன்தான்.

பரங்குன்றத்தாள்

செல்லூர் அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன வேஷ விஷயம் என்னையும் யோசிக்க வைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேஷத்தில் வந்த எவனுக்கும் வள்ளி சம்மதம் சொல்லவில்லை. வேடனைத் திட்டினாள், கிழவனை விரட்டினாள். யானைக்குப் பயந்து கிழவனைக் கட்டிக்கொண்டாள், அது உண்மைதான். ஆனால் மனசு கொடுத்தது அவன் தன் சொந்த உருவத்தைக் காட்டியதற்கு அப்புறம்தான். ஏமாற்றம் பலித்த கதையாக இதை நான் படிக்கவில்லை.

நான் திருப்பரங்குன்றத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊர் சாமி தெய்வானையைக் கட்டிய சாமி. கருவறையில் தெய்வானையோடு உட்கார்ந்திருக்கிறார், வள்ளி அங்கே கிடையாது. பங்குனித் திருவிழாவில் நடக்கிற திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கரும் பல்லக்கில் வருவார்கள். அப்பா அம்மா முன்னால் நடக்க வேண்டிய கல்யாணம் என்பதால் அவர்கள் வந்து சேருகிற வரைக்கும் ஊரே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தெய்வானை இந்திரன் மகள். சூரனை வென்று கொடுத்ததற்காக அவன் தன் மகளைத் தருகிறான். எல்லாம் முறைப்படி. தெய்வானையை யாரும் எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கிருந்து பழமுதிர்சோலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே அதே முருகன் வள்ளி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கமாக நிற்கிறார். மதுரைக்கு ஒரு பக்கம் கொடுத்த கல்யாணம், மறு பக்கம் கொடுத்ததும் எடுத்ததும் சேர்ந்தே.

இந்தச் சண்டை ஒன்றும் புதுசு இல்லை. பரிபாடலில் 9ஆவது பாட்டு குன்றம்பூதனார் பாடியது, எங்கள் மலையைப் பற்றியது. வள்ளிக்கும் தேவசேனைக்கும் (தெய்வானைதான்) அதில் சண்டை வருகிறது. அவர்களுடைய தோழிகள் மோதுகிறார்கள், மயில்கள்கூட மோதிக்கொள்கின்றன. ஆனால் அந்தப் புலவர் பாட்டின் முன்பகுதியிலேயே வேதம் படித்தவர்களைக் கூப்பிட்டு, ஒத்த மனசோடு இருவர் சேர்வதுதான் சிறந்தது என்று சொல்லிவிடுகிறார். களவை, அதாவது வீட்டுக்குத் தெரியாத காதலை, இப்படி நேராக நின்று புகழ்ந்த பாட்டு இந்த மலையடிவாரத்தில்தான் பிறந்தது என்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

தொல்காப்பியமும் இந்தக் கதவை அடைக்கவில்லை. கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்க வாங்கிக்கொள்வதுதான் கற்பு என்று தொடங்கினாலும், அடுத்த நூற்பாவிலேயே, உடன்போக்கில் போனவர்களுக்குக் கொடுப்பவர் இல்லாமலும் கரணம் உண்டு என்று சொல்லி வைத்திருக்கிறது. ஓடிப் போனவளுக்கும் கல்யாணம் உண்டு, அதுவும் கல்யாணம்தான் என்று அர்த்தம். சித்தப்பா மகளை நினைத்துக் கவலைப்படுகிற தங்கைக்கு இதைச் சொல்ல ஆசைப்பட்டேன்.

மாசிவீதி

சாமி கதையை மனுஷன் கதையோடு ஒப்பிடுவதே தப்பு. முருகன் செய்தார் என்பதற்காக நம் வீட்டுப் பிள்ளை செய்யலாமா? வள்ளியும் முருகனும் ஜீவாத்மா, பரமாத்மா. கச்சியப்ப சிவாச்சாரியார் எழுதிய கந்தபுராணத்தைப் பக்தியாகப் பாருங்கள், போதும்.

கால்வாய்க்கரை

மாசிவீதி ஐயா, நான் பக்தியைக் குறை சொல்லவில்லை. நானும் சஷ்டி விரதம் இருக்கிறவள்தான். ஆனால் எங்கள் ஊரில் ஆத்மா பரமாத்மா என்று யாரும் பார்க்கவில்லை. அன்று வள்ளி புனத்தை விட்டுப் போகும்போது "அப்பன் ஆத்தாளுக்கு என்ன பதில் சொல்லுவா" என்று எனக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாச்சி வாய்விட்டே கேட்டார். அவர் தன் வீட்டுப் பெண்ணைப் பற்றித்தான் கேட்டார்.

நீங்கள் கந்தபுராணத்தைச் சொன்னதால் வள்ளியம்மை திருமணப் படலத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மேடையில் வராத ஒரு பகுதி அதில் இருக்கிறது. இருவரும் ராத்திரியில் போய்விடுகிறார்கள். நம்பியும் வேடர்களும் அம்பு எடுத்துக்கொண்டு துரத்துகிறார்கள். சேவல் கூவியதும் எல்லோரும் செத்து விழுகிறார்கள். நாரதர் வந்து, பெற்றவர்கள் அனுமதி இல்லாமல் இப்படிப் போவது சரியா என்று கேட்கிறார். அப்போது முருகன் உயிர் கொடுக்கவில்லை. வள்ளியைத்தான் எழுப்பச் சொல்கிறார். வள்ளி 'எழுக' என்றதும் அப்பாவும் உறவும் எழுந்திருக்கிறார்கள். அதற்கு அப்புறம்தான் நம்பி, எங்கள் ஊருக்கு வந்து முறைப்படி கட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்கிறான்.

எங்கள் ஊர் மேடையில் விடிந்துவிட்டது என்று இதை எல்லாம் விட்டுவிட்டு, ஐந்து நிமிஷத்தில் மாலை மாற்றி மங்களம் பாடிவிட்டார்கள். அப்பா ஒரு தடவை செத்து, மகள் கையால் எழுந்து, அப்புறம்தான் சம்மதிக்கிறார். கதையில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது இதுதான். செல்லூர் ஐயா, நீங்கள் சொல்கிற அந்த நாலு பேர், மகளோடு போனவனைக் கொல்லவே அம்பை எடுத்த நாலு பேராகவும் இருக்கிறார்களே. பேப்பரில் ஆணவக் கொலை என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேடர் கூட்டம்தான் ஞாபகம் வருகிறது. நிஜத்தில் செத்து விழுவது பிள்ளைகள். எழுப்ப யாரும் இல்லை.

தெற்குவாசல்

வள்ளியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், அல்லியை விட்டுவிட்டீர்களே. அவள் நம் மதுரைக்காரி.

அல்லி அர்ஜுனாவும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம்தான். அல்லி அரசாணி மாலையை எங்கள் அப்பத்தா ராகம் போட்டுப் படிப்பார். அல்லி மதுரையைத் தனியாக ஆள்கிறாள். ஆண் வாடையே வேண்டாம் என்று இருக்கிறாள். கல்யாணம் இல்லாமலே அவளுக்கு மரியாதை இருக்கிறது, படை இருக்கிறது, நாடு நடுங்குகிறது. இன்றைக்கும் ஒரு வீட்டில் பெண் வைத்ததுதான் சட்டம் என்றால் 'அல்லி ராஜ்யம்' என்கிறோம். அது திட்டாகிப் போனது எப்போது என்று யாராவது யோசித்திருக்கிறோமா?

அர்ஜுனன் அவளை என்ன செய்கிறான்? கண்ணன் பாம்பாட்டியாக வர, இவன் பாம்பாகி அவள் அரண்மனைக்குள் போகிறான். அவள் தூங்கும்போது கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். காலையில் எழுந்து பார்க்கிறாள், கழுத்தில் தாலி. அப்பத்தா அந்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தி, தன் தாலிக்கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குக் கல்யாணம் ஆகும்போது பதின்மூன்று வயசு. எப்போது கட்டினார்கள் என்றே ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டு நாடகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஊர் சம்மதம் இல்லை, பெண் சம்மதம் இருக்கிறது. இன்னொன்றில் தாலி இருக்கிறது, பெண் சம்மதம் இல்லை. ஊர் கண்ணில் எது மரியாதையான கல்யாணம்? தாலி ஏறிவிட்டது என்றால் அல்லியைப் போன்ற ராணிகூட அடங்கித்தான் ஆக வேண்டும் என்று அந்தக் கதை போகிறது. பவளக்கொடி நாடகத்தில் அர்ஜுனன் இன்னொருத்தியையும் கட்டிக்கொண்டு வருகிறான், அல்லி படை எடுத்துப் போகிறாள். சின்ன வயசில் அதை வேடிக்கையாகப் பார்த்தேன். இப்போது பார்க்க முடியவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் யார் பக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பெண்களுக்கு அவர் கொடுத்த வாய் சாதாரண வாய் இல்லை. தர்க்கம் என்று வந்தால் அவருடைய வள்ளியும் அல்லியும் பவளக்கொடியும் ஓர் ஆணிடம்கூடப் பேச்சில் தோற்பதில்லை. தோற்பதெல்லாம் கதையின் முடிவில்தான்.

மேடைக்காரி மகள்

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. முதல் பதிவில் 'நாடகக்காரிதானே, எவன் கட்டுவான்' என்று படித்ததும் மூடிவிட்டுப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தேன்.

என் அம்மா இருபத்திரண்டு வருஷம் வள்ளி. தையிலிருந்து ஆடி வரைக்கும் சீசன். சாயங்காலம் நாலு மணிக்கு டிரங்குப் பெட்டியில் சேலை, சவுரி, பவுடர் எல்லாம் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ராமநாதபுரம் பக்கம், புதுக்கோட்டை பக்கம், இந்தப் பக்கம் உசிலம்பட்டி வரைக்கும். காலையில் எட்டு மணிக்குத் திரும்பி வந்து எங்களுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார்.

மதுரையில் நாங்கள் ஐந்து வீடு மாறியிருக்கிறோம். ஒரு வீட்டில் ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். வீட்டுக்கார அம்மா என்னிடம் பிரியமாக இருப்பார். ஒரு நாள் டீக்கடைச் சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதில் அம்மா போட்டோ. அந்த மாசமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதே வீட்டுக்கார அம்மாவின் சொந்த ஊரில்தான் அந்த நாடகம். அவர்கள் குடும்பமே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அதற்கு அப்புறம் அம்மா நோட்டீஸுக்கு வள்ளி வேஷத்தில் எடுத்த போட்டோவை மட்டும்தான் கொடுப்பார். சாதாரணச் சேலையில் எடுத்ததைக் கொடுக்க மாட்டார். தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக.

மேடையில் அவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அன்பளிப்பு கொடுக்க வருகிற ஆள் நோட்டைச் சேலையில் குத்த வந்தால், ஓர் அடி பின்னால் போய், "ஆர்மோனியப் பெட்டி மேல் வையுங்கள் ஐயா" என்று மைக்கிலேயே சொல்லிவிடுவார். ராஜபார்ட் நடிக்கிறவரைக் கீழே இறங்கினால் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கல்யாணக் காட்சியில் மாலை மட்டும்தான், கழுத்தில் கயிறு ஏற விடமாட்டார். எங்கள் அப்பா இறந்து போனதற்குப் பிறகும் அப்படித்தான். எத்தனையோ ராத்திரி ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனுஷிக்கு, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் உட்கார்ந்து பேச முடியவில்லை. 'அம்மா என்ன செய்கிறார்கள்' என்ற கேள்வி வரும்போது அடுப்படிக்குப் போய்விடுவார். மூன்று இடம் அப்படித் தட்டிப் போனது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். 'அப்பாவைக் கேள்' என்பதை எல்லோரும் அப்பாவுக்குக் கீழ்ப்படிகிற பேச்சாகவே எடுத்துக்கொண்டீர்கள். அம்மா அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. புதிதாக வள்ளி கட்ட வருகிற பிள்ளைகளுக்கு அம்மா சொல்வது இது: "காட்டுக்குள்ள ஒத்தப் பொம்பள நிக்கிறா. எதுக்க வில்லு வச்சிருக்கிற ஆம்பள. அவ கையில கவண்கல்லும் அப்பன் பேரும்தான் இருக்கு. அந்தப் பேரச் சொல்றப்ப தலையக் குனியாத. கம்ப ஓங்குற மாதிரி சொல்லு."

விடிகாலை பஸ் ஸ்டாண்டில் அம்மா தனியாக நிற்கும்போது யாராவது பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். "எங்க வீட்டுக்காரர் டிக்கெட் எடுக்கப் போயிருக்காரு" என்பார். அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆகியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூட நின்று கேட்டிருக்கிறேன்.

செல்லூர் ஐயா, உங்கள் பேச்சில் ஓர் அப்பாவின் பயம் தெரிகிறது, அது பொய் இல்லை. ஆனால் வள்ளி உங்கள் பெயரைச் சொல்கிறாள் என்பதற்காக அவள் உங்களிடம் முடிவை ஒப்படைத்துவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. அந்தப் பெயர் அவளுக்கு வேலி. எந்த ஆள் நம்பத் தகுந்தவன் என்று அவளுக்குத் தெரிந்ததும் வேலியைத் தாண்டி அவளே வருகிறாள்.

ஆர்மோனியக்கட்டை

அம்மா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். உங்கள் அம்மா யாரென்று கேட்கமாட்டேன். பெட்டி மேல் வைக்கச் சொல்லி அன்பளிப்பு வாங்குகிற ஒரு வள்ளியை என் அப்பா தெய்வம் மாதிரி பேசுவார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மேடையில் பெண் நிற்பதே கௌரவக் குறைச்சல் என்றிருந்த காலத்தில்தான் பாய்ஸ் கம்பெனிகள் செழித்தன. சங்கரதாஸ் சுவாமிகளே 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தவர்கள்தான். வள்ளி, அல்லி, சாவித்திரி எல்லாம் மீசை முளைக்காத பையன்கள். பெண்ணின் மானத்தைப் பற்றி விடிய விடியப் பேசுகிற நாடகத்தில் பெண் நிற்கக் கூடாது என்று இருந்தது.

அதையும் மீறி வந்த வள்ளி கே.பி. சுந்தராம்பாள். முருகனாக எஸ்.ஜி. கிட்டப்பா. இலங்கையில் சேர்ந்து நடித்தபோது மேடையில் தொடங்கிய தர்க்கம் 1927இல் நிஜக் கல்யாணத்தில் முடிந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார், முறைப்படி கட்டிய மனைவி. பரங்குன்றம் தங்கை சொன்ன தெய்வானை, வள்ளி கதை அப்படியே வாழ்க்கையில் நடந்தது என்றுதான் நான் பார்க்கிறேன். 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நகை கிடையாது. ஆணோடு ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று, 1935இல் நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார். 1951இல் மேலவை உறுப்பினர், 1953இல் ஒளவையார் படம், 1970இல் பத்மஸ்ரீ.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. வள்ளியாகப் பாடியபோது தமிழ்நாடு அவர் குரலுக்குக் காசு கொடுத்தது. கையெடுத்துக் கும்பிட்டது வெள்ளைச் சேலைக்கும் ஒளவைக் கிழவிக்கும்தான். கல்யாண வயசில் மேடையில் நிற்கிற பெண்ணுக்கு மரியாதை கொடுக்க நமக்கு இன்னும் கை வரவில்லை.

செல்லூர் அப்பா

மேடைக்காரி மகள் என்று பெயர் வைத்திருக்கிற என் மகள் வயசுப் பிள்ளைக்கு. 'கம்பை ஓங்குகிற மாதிரி சொல்லு' என்பதை என் பெரிய மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் காலேஜ் பஸ்ஸில் அப்படித்தான் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்" என்றாள். எனக்கு அது தெரியாது.

முறையோடு நடக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பெண்ணைக் கேட்காமல் எது நடந்தாலும் அது முறை இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அல்லி கழுத்துத் தாலியை நான் இதற்கு முன்னால் இப்படி யோசித்தது இல்லை. ஆனால் பிள்ளைகள் எங்களிடம் வந்து சொல்வதற்கு முன்னால் போய்விடுகிறார்களே, அந்த வலியை யாரும் எழுதவில்லை. செத்து எழுந்த நம்பிக்கு என்ன வலித்தது என்று கந்தபுராணத்தில் இருந்தால் சொல்லுங்கள், படிக்கிறேன்.

பரங்குன்றத்தாள்

இருக்கிறது அண்ணே. எழுந்ததும் அவன் முதலில் கும்பிடுகிறான், அப்புறம் குறை சொல்கிறான். எங்களைக் காக்கிற தெய்வமான நீயே எங்கள் பெண்ணைக் களவாகக் கொண்டு போனால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது என்கிற மாதிரி. அதற்கு அப்புறம்தான் ஊருக்கு வரச் சொல்லிக் கேட்கிறான். முருகனும் மறுக்காமல் வள்ளியோடு நம்பியின் ஊரான சிறுகுடிக்குத் திரும்பிப் போகிறார். போனவர்கள் திரும்பி வந்த கதை இது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கால்வாய்க்கரை

எல்லோருக்கும் நன்றி. மேடைக்காரி மகள் அக்கா, உங்களை வருத்தப்பட வைத்த வரி என் அத்தை சொன்னது. நான் அதை அப்படியே எழுதியது சரிதானா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஊருக்குப் போனபோது உங்கள் பதிவை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பெயர் எதுவும் இல்லாததால் காட்டலாம் என்று நினைத்தேன். டிக்கெட் எடுக்கப் போயிருக்கார் என்ற இடத்தில் அத்தை "இன்னொரு தடவை படி" என்றார். அத்தைக்கும் மாமா இறந்து ஏழு வருஷம். சந்தைக்குத் தனியாகத்தான் போய் வருகிறார். வேறு எதுவும் சொல்லவில்லை, எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சித்தப்பா மகள் விஷயம் அப்படியேதான் இருக்கிறது. சித்தப்பாவிடம் நான் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. திரும்பி வந்த பகுதியையும் சேர்த்து நடிக்கச் சொல்லி அடுத்த வருஷம் விழாக் கமிட்டியிடம் கேட்கலாமா என்று பார்க்கிறேன். ஆர்மோனிய அண்ணன், அதற்கு எத்தனை மணிக்கு நாடகத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அக்கா, உங்கள் அம்மா வள்ளி திருமணத்தை எப்போதாவது கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா? ஆடியில் பக்கத்து ஊரில் வைக்கிறார்கள். இரண்டு பேரும் வாருங்கள். ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். இதை அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மேடைக்காரி மகள்

பார்த்தது இல்லையாம். இப்போதுதான் கேட்டேன். வருகிறோம். அம்மாவுக்குச் சேர் எல்லாம் வேண்டாம், பாய் போதும் என்று சொல்லச் சொன்னார். பெண்கள் பக்கத்தில், அத்தை உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில்.